கேமராவுக்கு எந்தப் பேட்டரி வாங்கலாம்?

சித்தி மகள் கல்யாணத்தில், மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது என் கேமரா அணைந்துபோனது. அந்த நொடி வரை பேட்டரி முழுசாகத்தான் காட்டியது. கழற்றி மாட்டிப் பார்த்தேன், ஒருமுறை சிவப்பாக மின்னிவிட்டு மறுபடி இருட்டு. அது ஆன்லைனில் வாங்கிய மாற்று பேட்டரி, அதாவது கேமரா நிறுவனம் அல்லாமல் வேறு நிறுவனம் செய்தது. கேமராவோடு வந்ததில் கொள்ளளவு 860 என்று இருந்தது, இதில் 1800. இரண்டு மடங்கு தாங்கும் என்று நம்பி, ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். தாலி கட்டும் படம் என்னிடம் இல்லை. தங்கைக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, எனக்கும்தான்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. கேமராவின் அடி மூடியைத் திறந்து பாருங்கள்

உள்ளே தட்டையாக ஒரு பேட்டரி இருந்தால் அது லித்தியம் அயான். குறிப்பிட்ட சில மாடல்களுக்கென்றே செய்தது, வேறு வடிவம் உள்ளே போகாது. பென்சில் பேட்டரி போல 2 அல்லது 4 இருந்தால் அது ஏஏ அளவு. பழைய சிறிய கேமராக்களிலும், தனியாக மாட்டும் ஃப்ளாஷிலும் இதுதான். ஏஏ வைத்திருப்பவர்கள் நேராக நான்காவது படிக்குப் போகலாம்.

2. லேபிளை நிதானமாகப் படியுங்கள்

இதைத்தான் நான் செய்யத் தவறினேன். என்னுடையது கேனன் 1500டி. அதன் பேட்டரியை எடுத்துப் பார்த்தால் எல்பி-இ10 என்று மாடல் பெயர், பக்கத்தில் 7.4 வோல்ட், 860 எம்ஏஎச் என்று இருக்கும். மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். வோல்ட்டில் 7.2, 7.4 என்ற சின்ன வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம், இரண்டும் உள்ளே இரண்டு செல் உள்ள பேட்டரிகள்தான். எம்ஏஎச் என்பது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு.

வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட் ஹவர் கிடைக்கும், அதாவது பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றல். 7.4 × 860 ÷ 1000 = கிட்டத்தட்ட 6.4. ஒரிஜினல் லேபிளிலும் இதே எண்தான் இருக்கும். சந்தேகமான பேட்டரியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எம்ஏஎச்சை மட்டும் பெரிதாக அச்சடித்துவிட்டு வாட் ஹவரைப் பழையபடியே விட்டிருப்பார்கள், அல்லது போடவே மாட்டார்கள்.

கணக்கு வேண்டாம் என்றால் இப்படி யோசியுங்கள்: பெட்டியின் அளவு அதேதான். அதே டம்ளரில் இரண்டு டம்ளர் தண்ணீர் எப்படி நிற்கும்? கொஞ்சம் கூடுதல் என்றால் நம்பலாம். நிக்கான் தன்னுடைய இஎன்-இஎல்14 பேட்டரியை 1030-லிருந்து 1230-க்குக் கொண்டுவந்தது, அது நியாயமான முன்னேற்றம். 860 இருக்கும் இடத்தில் 1800 என்றால் அது லேபிளில் மட்டும்தான். கல்யாணம் முடிந்து வந்து மளிகைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். "1800" பேட்டரி ஒரிஜினலைவிட எடை குறைவு.

3. ஒரிஜினலா, மாற்றா?

முக்கியமான நிகழ்ச்சி எடுப்பவர் என்றால் ஒரிஜினல் வாங்குங்கள், அதையும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள். ஒரிஜினல் பெயரிலேயே போலிகள் நிறைய வருகின்றன. பொழுதுபோக்குக்கு எடுப்பவர்கள் நல்ல மாற்று பேட்டரி வாங்கலாம், தப்பில்லை. ஆனால் இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

4. ஏஏ என்றால்

கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் மலிவான செல்லை கேமராவில் போடாதீர்கள், சில படங்களிலேயே சோர்ந்துவிடும். ஆல்கலைன் (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் செல்) அவசரத்துக்கு மட்டும். சரியான தேர்வு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதில் 1.2 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆல்கலைன் 1.5-ல் தொடங்கினாலும், ஃப்ளாஷ் மின்சாரத்தை இழுக்க ஆரம்பித்ததும் மளமளவென்று இறங்கிவிடும். ரீசார்ஜ் செய்யும் வகை கிட்டத்தட்ட 1.2-லேயே கடைசிவரை நின்று கொடுக்கும்.

முன்பெல்லாம் இந்த வகையைச் சார்ஜ் செய்து அலமாரியில் வைத்தால் சில வாரங்களிலேயே கணிசமாகக் காலியாகிவிடும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் என்ற பேட்டரி அதை மாற்றியது; ஒரு வருடம் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. 2000 எம்ஏஎச் சாதாரண வகையே போதும். கறுப்பு நிற ப்ரோ வகையில் சார்ஜ் அதிகம் நிற்கும், ஆனால் சார்ஜ் செய்யக்கூடிய தடவைகள் குறைவு.

ஒரு எச்சரிக்கை. 14500 என்ற லித்தியம் செல் பார்வைக்கு அச்சு அசல் ஏஏ போலவே இருக்கும், ஆனால் 3.7 வோல்ட். கேமராவில் போட்டால் உள்ளே கருகிவிடலாம்.

நான்கு செல்களையும் ஒரே நாளில் வாங்கி, மார்க்கரில் 'அ' என்று எழுதி, எப்போதும் சேர்த்தே பயன்படுத்துங்கள். அடுத்த செட்டுக்கு 'ஆ'. பழசும் புதுசும் கலந்தால் பலவீனமான ஒன்று மற்ற மூன்றையும் இழுத்து நிறுத்திவிடும்.

5. எத்தனை வேண்டும்?

1500டி-க்கு கேனன் 500 படம் என்று சொல்லியிருப்பது, வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகப் பார்த்து, 23 டிகிரி வெப்பத்தில், பாதிப் படங்களுக்கு ஃப்ளாஷ் போட்டு எடுத்த கணக்கு. திரையைப் பார்த்தே எடுத்தால் இதில் பாதிகூட வராது. வீடியோ என்றால் இன்னும் சீக்கிரம் தீரும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் ஏதாவது ஒரு திரை எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் அதற்கும் இதே கதிதான். ஆகவே குறைந்தது இரண்டு.

6. வாங்கிய வாரமே சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழுசாகச் சார்ஜ் செய்து, வீட்டில் ஒரு இடத்தில் நிறுத்தி, தீரும்வரை வீடியோ ஓட விடுங்கள். இடையிடையே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலுக்கும் இதையே செய்து ஒப்பிடுங்கள். மட்டம் படிப்படியாக இறங்கினால் நல்ல பேட்டரி. முழுசாகக் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று அணைந்தால், அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

7. வீட்டில் வைக்கும்போது

மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், லித்தியம் பேட்டரி சூட்டில்தான் சீக்கிரம் கெடும். உப்பிப்போன பேட்டரியைக் கேமராவுக்குள் அமுக்கித் தள்ள வேண்டாம். விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் முந்தின இரவே இரண்டையும் சார்ஜ் போட்டு, நிறைந்ததில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றி வைக்கிறேன். தீர்ந்ததும் ரப்பர் பேண்ட் இல்லாமல் வேறு பைக்குள் போகும். கூட்டத்தில் இருட்டில் தடவினாலும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.