பழைய மாருதி 800-இல் பிரேக் பெடல் கோளாறை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

"பிரேக் சரியில்லை" என்று வண்டியை விட்டால், பல பட்டறைகளில் முதலில் கழற்றுவது முன்சக்கரத்துப் பிரேக் பேடைத்தான் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் தேய்மானக் கட்டை). எங்கள் வீட்டு 2004 மாடல் மாருதி 800-க்கும் அதுதான் நடந்தது. புது பேட் போட்ட மறுநாள், சிக்னலில் நிற்கும்போது பெடல் பழையபடியே மெல்ல உள்ளே இறங்கியது. கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பம்பில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. சீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிடம் காலை அழுத்தி வைத்திருந்தால் போதும்.

800-இன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எல்லாமே வயதானவைதான். முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு), பின்னால் ட்ரம் (சக்கரத்தோடு சுற்றும் உருளை), கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் என்று இருக்கும் எந்தப் பழைய காருக்கும் கீழே உள்ள முறை பொருந்தும்.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். பெடலுக்கு அடியில் கால்மிதி மடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். பெடல் முழுசாக இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

படி 1: பிரேக் ஆயில் அளவு

பானெட்டைத் திறந்தால் மாஸ்டர் சிலிண்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். ஆயில் 'மேக்ஸ்', 'மின்' கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. சில நாளிலேயே குறைந்தால் கசிவு. நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். பின்பக்க சீல் (ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையம்) போயிருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

படி 2: அழுத்திப் பிடிக்கும் சோதனை

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருந்த வாக்குவம் (அதை இயக்கும் வெற்றிடம்) தீர்ந்து பெடல் இறுகும். இப்போது சிக்னலில் மிதிக்கும் அளவுக்கு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், அழுத்தி அப்படியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். பெடல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

வழுக்கிக்கொண்டு கீழே போனால் இரண்டே காரணம். வெளியே கசிவு இருந்தால் படி 1-லேயே தெரிந்திருக்கும். கசிவும் இல்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது. ஆயில் அதைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிப் போகிறது. வேகமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும், மெதுவாக மிதித்தால் இறங்கும். அதனால்தான் ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குக் கூட இது பிடிபடாமல் போகிறது. இந்தக் கோளாறோடு வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது.

படி 3: இரண்டு மிதி

ஒரு முறை மிதித்துக் காலை எடுங்கள், உடனே மறுபடி மிதியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போன பெடல் இரண்டாவது மிதியில் மேலேயே நிற்கிறதா? அங்கே காலுக்கு என்ன தட்டுப்படுகிறது என்று கவனியுங்கள். கல் மாதிரி உறுதியாக நின்றால், பெரும்பாலும் பின் ட்ரமுக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருக்கும், அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும். பஞ்சை மிதிப்பது போல இருந்தால் லைனில் (ஆயில் போகும் குழாயில்) ஏர் இருக்கிறது, ஏர் எடுக்க வேண்டும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள், அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் தினமும் சீல் போய்வராத பகுதியில் துரு இருக்கும். அங்கே உரசினால் நல்ல சீலும் கிழியும்.

படி 4: பெடல் மரக்கட்டை போல இறுகியிருந்தால்

எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும் வரை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. அசையவே இல்லையா? எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த குழாய் அது. பூஸ்டரையே மாற்றச் சொல்பவர்கள் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. மிதிக்கும்போது 'உஸ்' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பூஸ்டருக்குள் இருக்கும் டயாபிரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க்கையோ ட்ரமையோ பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ ஒரு காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இறுகியிருக்கலாம்.

மலையில் மட்டும் வரும் கோளாறு

வீட்டில் எல்லாச் சோதனையும் சரியாக வரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மட்டும் பெடல் பஞ்சாகும். அடிவாரத்தில் ஆறவிட்டால் பழையபடி ஆகிவிடும். இது ஆயில் கொதிப்பது. புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நன்றாக ஈரம் ஏறிய ஆயிலுக்கான அளவு வெறும் 140 டிகிரிதான். கொதித்து ஆவியானதும் லைனில் ஏர் புகுந்த மாதிரியே ஆகிவிடும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுசாக மாற்றுங்கள். திறந்து மாதக்கணக்கில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

எதைச் சரிசெய்தாலும், அப்புறம் படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். பிறகு காலியான மைதானத்தில் நடக்கும் வேகத்தில் நான்கைந்து முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டே சாலைக்கு எடுங்கள்.