ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லும் தூரமும் நீங்கள் அடிக்க வேண்டிய தூரமும்

குழியில் நட்ட கொடி வரை 152 யார்டு என்று, லேசரால் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டுகிறது. உடனே 152 யார்டுக்கான கிளப்பை (பந்தை அடிக்கும் மட்டையை) உருவுவதுதான் கோல்ஃபில் இந்தக் கருவியை வைத்துச் செய்யப்படும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கொடியை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் ஒரு பங்கர் (மணல்குழி), அதன் மேல் விளிம்பு 146 யார்டில். க்ரீனின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின், பின்னோரம் 172. கொடிக்கே குறி வைத்தால் ஆறேழு யார்டு குறைந்தாலே பந்து மணலில் கிடக்கும். க்ரீனின் நடுப்பகுதியான 160-ஐ மனதில் வைத்து அடித்தால் பத்து யார்டு கூடினாலும் குறைந்தாலும் க்ரீனில்தான் நிற்கும். நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு பத்து யார்டு பிசகு சாதாரணம். ஆகவே லேசரை முதலில் பங்கரின் அந்தப்பக்க விளிம்பில் வையுங்கள், கொடி அப்புறம். பின்னோரம் லேசருக்குச் சரியாகப் பிடிபடாது. முன், நடு, பின் என்று மூன்று எண்ணும் தரும் ஜிபிஎஸ் வாட்ச் அங்கே கைகொடுக்கும். ஆனால் வாட்ச் உங்கள் மணிக்கட்டிலிருந்துதான் அளக்கும், பந்திலிருந்து அல்ல. வண்டிப் பாதையில் நின்றபடியே எண்ணைப் பார்த்துவிட்டு கிளப்போடு இறங்கி நடப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது இன்னும் பெரிய சிக்கல்: தன் தூரம் தனக்கே தெரியாமல் இருப்பது. "என் 7 அயர்ன் 150 போகும்" என்று (அயர்ன் என்பது எண் போட்ட இரும்புத் தலை கிளப்) சொல்பவரிடம் கிளறிக் கேட்டால், அது எப்போதோ ஒருநாள், பின்காற்றில், காய்ந்த ஃபேர்வேயில் (க்ரீனுக்குப் போகும் வழியில் வெட்டிய புல்வெளியில்) உருண்டு போனதாக இருக்கும். தேவைப்படுவது கேரி, அதாவது பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் தூரம். பயிற்சித் திடலின் பந்துகள் பெரும்பாலும் குறைவாகவே பறக்கும், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். கூட்டமில்லாத மாலையில் மைதானத்திலேயே ஒரு கிளப்பால் சில பந்துகள் அடித்து, அவை விழுந்த தடத்தில் நின்று அடித்த இடத்தில் வைத்த பையை லேசரால் திருப்பி அளந்து பாருங்கள். நன்றாகப் போனதையும் மோசமாகப் போனதையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியின் மிக நல்ல பயன் இதுதான் என்பேன், செய்பவர்கள் குறைவு.

அந்தக் குறிப்பும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் எழுதிய கணக்கோடு ஊட்டிக்குப் போனால் பந்து க்ரீனைத் தாண்டிப் போகும், ஏனென்றால் 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிது. சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வரில் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்வது வழக்கம். மலையில் மூடுபனியும் உண்டு. நீர்த்துளிகளில் பட்டு லேசர் திரும்பினால் அபத்தமான எண் வரும், அப்போது ஜிபிஎஸ்ஸை நம்புங்கள்.

கை நடுங்கினால் கதிர் கொடியைத் தவறவிட்டு பின்னால் நிற்கும் மரத்தில் பட்டு, முப்பது யார்டு கூட்டிச் சொல்லும். கொடியைப் பிடித்ததும் அதிரும் வசதி இருந்தாலும் இரண்டு முறை அளந்து பாருங்கள். கருவி மீட்டரில் இருக்கிறதா, யார்டிலா என்பதையும் முதல் டீயிலேயே (ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே) பார்த்துவிடுங்கள்: 150 மீட்டர் என்பது 164 யார்டு, ஒரு கிளப்புக்கும் அதிகமான வித்தியாசம்.

போட்டியில் வேறு கவலை. 2019 முதல் உள்ள விதிகளின்படி, கமிட்டி உள்ளூர் விதி போட்டுத் தடுக்காதவரை தூரம் அளக்கலாம். மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்லோப் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. காற்றின் வேகத்தைக் கருவியால் அளப்பதும், எந்தக் கிளப் எடுப்பது என்று செயலியைக் கேட்பதும் அப்படியே. மொத்த அடிகளை எண்ணி வெற்றி தீர்மானிக்கும் ஸ்ட்ரோக் ப்ளேயில் முதல் மீறலுக்கு இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, மறுபடி செய்தால் தகுதிநீக்கம். ஸ்லோப் உள்ள கருவியை அதை அணைத்துவிட்டு வைத்திருக்கலாம். அணைத்தோமா என்று டீயில் ஏறும் முன்பே பாருங்கள்.

ஆண்களுக்கான மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றில் இந்தக் கருவிகள் முதன்முதலில் அனுமதிக்கப்பட்டது 2021-இல், அமெரிக்காவின் கியாவா ஐலண்டில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பில். 50 வயது அமெரிக்க வீரர் ஃபில் மிக்கெல்சன் வென்றது அங்கேதான். ஆனால் அந்த மைதானத்தின் பெரிய கேள்வி கடற்காற்று, அதற்கு லேசரில் பதில் இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். அடிக்க வழி கிடைத்ததிலிருந்து 40 வினாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்கிறது விதி. மற்றவர் அடிக்கும்போதே, அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கருவி இல்லாத சக ஆட்டக்காரருக்குத் தூரத்தைச் சொல்லலாம், தடையில்லை. அவர் அடித்து முடித்ததும் "எந்த அயர்ன் எடுத்தீங்க?" என்று நீங்கள் அடிப்பதற்கு முன் கேட்டால்தான் வம்பு. அது ஆலோசனை கேட்பது, இரண்டு ஸ்ட்ரோக் உங்கள் கணக்கில் ஏறும்.