எந்தத் தாள் முதலில் தீர்கிறது?

பெங்களூர் அல்சூரில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. தமிழ், கன்னட டைப்பிங்கும் செய்கிறோம். எட்டு ஆண்டுகளாக மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தாள் எழுதி, நூறு பிரதி எடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஒரே ஒரு ஏ4 தாள்தான், முன்னும் பின்னும் தமிழில் இருக்கும். காசு வாங்குவதில்லை. போன வாரம் ஜோகுபாளையத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "அக்கா, எங்க தெருவுலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கப் போறோம். எதை எழுதினா ஜனங்க படிக்கிறாங்க?" என்று கேட்டார். கடையில் கூட்டம் இருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே ஆசை உள்ள மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் எண்ணப் பழகுங்கள். எடுத்துப் போகிறவர்கள் எல்லாரும் படிக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் பஜ்ஜி கட்டவும் அலமாரியில் விரிக்கவும்கூட அது போயிருக்கிறது. அதனால் இப்போது மூன்று இடத்தில் வைக்கிறேன்: கடையில் ஐம்பது, பக்கத்துத் தெரு மெஸ்ஸில் முப்பது, கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் இருபது. ஒவ்வொரு கட்டிலும் மூலையில் பென்சிலால் க, ச, ப என்று ஓர் எழுத்து போட்டுவிடுவேன். பத்தாம் நாள் மூன்று இடத்திலும் போய் மிச்சத்தை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வேன். மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது மழையையும் பண்டிகையையும் மறக்கக் கூடாது. விடாமல் மழை பெய்த மாதத்தில் நல்ல கட்டுரையும் மேசையிலேயே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, இந்த விஷயம் யாருக்கும் வேண்டாம் போல என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தாள் தீர்ந்துபோவதைவிடப் பெரிய அடையாளங்கள் இரண்டு உண்டு. ஒன்று, நீங்கள் எழுதியதிலிருந்து அடுத்த கேள்வி வருவது. இரண்டாவது, யாராவது திரும்பி வந்து "இந்தப் பகுதியை மட்டும் இன்னொரு காப்பி போட்டுக் கொடுங்க" என்று கேட்பது. கடை என்னுடையது என்பதால் இந்த இரண்டாவது அடையாளம் எனக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. உங்களுக்குக் கடை இல்லாவிட்டால் தெருவில் ஜெராக்ஸ் போடுகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

சரி, எது தீர்கிறது? தேதியும் நேரமும் கணக்கும் உள்ளதுதான். நான் போட்டதிலேயே மிக வேகமாகத் தீர்ந்தது 2024 நவம்பர் முதல் ஞாயிறு வந்த தாள். ரயில் முன்பதிவை 120 நாளுக்கு முன்னால் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சேலம், திருவண்ணாமலை, வேலூர், மதுரை என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு எப்போது டிக்கெட் எடுப்பது என்று எல்லாருமே குழம்பிப் போயிருந்தார்கள். முதலில் "ரயில்வேயின் புதிய முன்பதிவு விதிகள்" என்று தலைப்பு வைத்திருந்தேன். அச்சுக்குப் போகுமுன் என் பெண் பார்த்துவிட்டு, "அம்மா, யாருக்கும் விதி வேண்டாம், தேதிதான் வேண்டும்" என்றாள். அதனால் பாதிப் பிரதிகளில் பழைய தலைப்பையே விட்டு, மீதிப் பிரதிகளில் "பொங்கலுக்கு ஜனவரி 10 வெள்ளி இரவு கிளம்பணுமா? நவம்பர் 11 திங்கள் காலை 8 மணிக்குத் தயாராக இருங்கள்" என்று போட்டேன். உள்ளே இருந்தது ஒரே விஷயம்தான். இரண்டு கட்டையும் கடையில் அடுத்தடுத்து வைத்தேன். தேதி போட்ட கட்டு இரண்டே நாளில் காலி. மற்றது பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. தலைப்பை எப்படி வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த இரண்டு நாள்தான். நீங்களும் ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். தலைப்பை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றினால் எதனால் தீர்ந்தது என்று தெரியாமல் போய்விடும்.

அந்தத் தாளுக்கு வந்த கேள்விகளில் ஒன்று அடுத்த மாதத் தாளுக்கே விஷயமானது. ஜோலார்பேட்டையில் நள்ளிரவு தாண்டி வண்டி ஏறுகிறவர் ஒருவர், "நான் ஏறுற தேதியிலேர்ந்து 60 நாளை எண்ணணுமா?" என்று கேட்டார். இல்லை, வண்டி முதலில் புறப்படும் ஊரின் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். முந்தின நாள் மாலை கிளம்பிய வண்டி என்றால் அவருக்கு முன்பதிவு ஒரு நாள் முன்பே திறந்துவிடும். இப்படிப்பட்ட கேள்வி, கடைசி வரி வரை படித்தவரிடமிருந்துதான் வரும். அதனால் ஒரு கேள்வி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், உங்கள் பாஷைக்கு மாற்றாதீர்கள். அந்த வார்த்தைதான் பின்னால் தலைப்பாகும்.

இன்னொன்று கிருஹ ஜோதி. 2023-இல் கர்நாடக அரசு வீடுகளுக்கு 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என்று கொண்டுவந்தபோது, எல்லாருக்குமே 200 யூனிட் என்றுதான் ஊரில் பேச்சு. உண்மையில் முந்தைய ஓராண்டில் அந்த வீட்டில் ஓடிய மாதச் சராசரியும் அதற்கு மேல் பத்து சதவீதமும்தான் அப்போது ஒரு வீட்டுக்கு இலவசம். 200 அதன் உச்ச வரம்பு. இதை வெறுமனே சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரு வீட்டைக் காட்டினேன்: சராசரி 80 யூனிட் என்றால் 88 வரை இலவசம், 100 ஓடினால் 12 யூனிட்டுக்குக் காசு, 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்று தனி வரியில் போட்டேன். அந்தக் கணக்கை மட்டும் வெட்டி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிய வீடுகளை நானே பார்த்தேன். ஒரு எண்ணை எழுதினால் அதை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். அப்புறம், எண்ணை இரண்டு பேரிடம் காட்டிச் சரிபாருங்கள். ஒரு முறை தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஒரு பெரியவர் அதை நம்பி வரிசையில் நின்றுவிட்டு வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ராசிபலனும் போட்டுப் பார்த்தேன், நான்கு மாதம். தாள் உடனே தீர்ந்தது. ஆனால் அந்த நான்கு மாதமும் கேள்வி நோட்டில் ஒரு கேள்விகூட ஏறவில்லை. தன் ராசியைப் பார்த்ததும் தாளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நிறுத்திவிட்டேன். சினிமாச் செய்தியும் வேண்டாம் என்பேன். அது அவர்கள் கைப்பேசியில் நம்மைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது.

தமிழின் பெருமையைப் பற்றி எழுதும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. வெளியூரில் வாழும்போது அந்த ஆசை இன்னும் கூடுகிறது. ஆறு கட்டுரை எழுதினேன். ஆறும் மிஞ்சின. அது சோம்பேறித்தனமாக எழுதியதும் இல்லை, இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியது. ஏழாவது தடவை பெருமையை விட்டுவிட்டு, எங்கள் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலையின் கதையை எழுதினேன். 1991-இல் வைத்த சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறந்தார், அப்போது இங்கே முதல்வர் எடியூரப்பா. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இவ்வளவுதான் எழுதினேன். அதோடு, மூடியிருந்த அந்தச் சிலையைத் தினமும் கடந்து பள்ளிக்கூடம் போன ஒருவரிடம் கேட்டு நான்கு வரி சேர்த்தேன். நூறும் போய்விட்டது, மறுபடி ஐம்பது போட்டேன். கன்னடக்காரர் ஒருவர் வந்து, இதைக் கன்னடத்தில் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார். பெரிய விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் வாசகர் நடந்து போகும் வழியில் நிற்கிற ஒன்றைக் கொண்டு சொல்லுங்கள்.

இப்போது சொல்லப்போவது பெங்களூர்க்காரர்களுக்கு மிக முக்கியம். இங்கே தமிழ் பேசுகிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கன்னடத்திலோ இங்கிலீஷிலோதான் படித்திருப்பார்கள். அதனால் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ தாளை வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். படிப்பவர் ஒருவர் என்றால் கேட்பவர் நான்கு பேர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. மெஸ்ஸில் ஒரு மதியம், காய்கறி நறுக்கும் அம்மாவுக்கு இன்னொருவர் என் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நீளமான வாக்கியம் ஒன்றில் மூச்சு முட்டி, பாதியில் விட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினார். அந்த வாக்கியம் நான் எழுதியது. அன்றிலிருந்து எழுதியதை அச்சுக்கு முன் சத்தமாகப் படிக்கிறேன். என் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே முற்றுப்புள்ளி வைக்கிறேன். எழுத்தின் அளவையும் 14 ஆக்கினேன். அதனால் விஷயம் குறைந்தது, ஆனால் எந்த மூக்குக்கண்ணாடியும் தள்ளிவிடாத தாளாகிவிட்டது. அடைப்புக்குறியும் அடிக்கோடும் கேட்பவர் காதுக்குப் போகாது, அதனால் அவற்றை எடுத்துவிடுங்கள். ஆட்களின் பெயரும் ஊர்ப் பெயரும் காதில் நிற்கும். அவற்றை முதல் இரண்டு வரிக்குள் கொண்டு வாருங்கள்.

இறந்தவர்கள் பற்றிய நான்கு வரிக் குறிப்பையும் எல்லாரும் படிக்கிறார்கள். வீட்டாரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

கடைசியாக, எண்ணிக்கையில் அகப்படாத ஒரு வகை. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தார். தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும் சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மறுநாள் காலை அப்பா வழக்கம்போல நான்கு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, டிபன் டப்பாவைக் கையில் எடுத்து, அப்புறம் அதைத் திரும்ப வைத்தார். அம்மா அடுப்பை அணைக்கவில்லை. அந்த ஒரு காலையை மட்டும் எழுதினேன். சுரங்கத்தின் வரலாறு எதையும் எழுதவில்லை. அந்த மாதம் முப்பது தாளுக்கு மேல் மிஞ்சியது. தோற்றுவிட்டது என்று நோட்டில் குறித்தும் வைத்தேன்.

ஆனால் எடுத்துப் போனவர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து காப்பி கேட்டார். அடுத்த ஆண்டு இருவர் வந்தார்கள். தங்கவயலின் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களிடையே அது கை மாறிக்கொண்டிருப்பதாக ஓர் அண்ணன் சொன்னார். ரயில் டிக்கெட் தாளை இன்று யாரும் கேட்பதில்லை. இதை இன்னும் கேட்கிறார்கள். அதனால் நோட்டில் இப்போது இரண்டு பட்டியல் வைத்திருக்கிறேன்: "பத்து நாளில் தீர்ந்தது", "ஓராண்டுக்குப் பின் கேட்டது". முன்பக்கத்தில் முதல் வகையைப் போடுங்கள், அதற்காகத்தான் கை நீளும். பின்பக்கத்தில் உங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பின்பக்கத்தின் கீழே மூன்று விரல் அகலம் வெற்றாக விடுங்கள். அந்தக் கோலார் தாளின் ஒரு பிரதி போன மாசி மாதம் எனக்கே திரும்பி வந்தது, மடித்து மடித்துத் துணிபோல ஆகியிருந்தது. வெற்றிடத்தில் நீல மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: "எங்க வீட்டிலும் அன்று நாலு மணிக்கு விளக்கு எரிந்தது." கீழே பெயர் இல்லை, சுரங்கக் குடியிருப்பின் லைன் வீட்டு எண் மட்டும் இருந்தது.