கடன் வாங்கி உரம் போடும்போது நடக்கும் தவறுகள்

பயிர்க்கடன் மொத்தமாகக் கைக்கு வந்தால் உர மூட்டையும் மொத்தமாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. இருக்கிறதே என்று யூரியாவை ஒரே தடவையில் இறைப்பதுதான் பெரிய தவறு. நெல்லுக்கு யூரியா தரும் தழைச்சத்தை (நைட்ரஜன்) அடியுரம் (நடும்போது போடுவது), தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் என்று பிரித்துப் போட வேண்டும். மொத்தமாகப் போட்டால் வேர் எடுக்கும் முன்பே ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகும், ஒரு பங்கு நீரோடு கீழே இறங்கும். மிச்சம் பயிரைக் கொழுக்க வைக்கும். புகையான் பூச்சியும் குலை நோயும் வரும், பயிர் சாயும். கடனைத் தவணையாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மேலுரத்துக்கான (பயிர் வளரும்போது போடும் உரம்) பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மூட்டையாக வாங்கி அடுக்கினால் யூரியா ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிடும்.

கடன் தாமதமானால் வேறு தவறு நடக்கிறது. நட்டு ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட், மணிச்சத்து தரும் அடியுரம்) மேலே தூவுகிறார்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது. இளம் வேர் ஓடும் நாளில் பக்கத்தில் இருந்தால்தான் பயன். கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது என்றால் அது முதலில் அடியுரத்துக்கே போகட்டும். மேலுர யூரியாவுக்குச் சில வாரம் அவகாசம் உண்டு.

தொகைக்கு ஏற்ப மூட்டை வாங்காமல் சத்துக் கணக்குப் போடுங்கள். மண் பரிசோதனைப்படி எக்டருக்குத் தழைச்சத்து 100, மணிச்சத்து 50, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 50 கிலோ தேவை என்று வைப்போம். டிஏபியில் மணிச்சத்து 46 சதவீதம். 109 கிலோ போதும். அதிலேயே 18 சதவீதத் தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 20 கிலோ வந்துவிடுகிறது. மீதி 80 கிலோவுக்கு 175 கிலோ யூரியா. டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் 217 கிலோ வாங்குவோம். அந்த 42 கிலோவும் வட்டிக்கு வாங்கிய காசு! சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் உரம் 83 கிலோ. பணம் குறைந்தால் பலர் முதலில் விடுவது இதைத்தான். விடாதீர்கள், தண்டின் உறுதிக்கும் மணி நிறைவதற்கும் அது வேண்டும்.

உரக்கடையில் கடன் சொன்னால் வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்கு 100, நான்கு மாதம் கழித்து அறுவடையில் கொடுத்தால் 112 என்றால் அது வருடத்துக்கு 36 சதவீத வட்டி. இரண்டு விலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடனுக்கு வாங்குகிறவர் கேட்க மாட்டார் என்று நுண்ணூட்டக் கலவை ஒன்றையும் கூடவே கட்டிவிடுவார்கள். மண் பரிசோதனை அட்டையில் நுண்ணூட்டக் குறை எழுதியிருக்கவில்லை என்றால், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.