டைல்ஸ் வேலையில் பொருளுக்கு எவ்வளவு ஏற்றிப் போடுவது?

"கடை பில்லில் என்ன இருக்கோ அதையே வாங்கிக்குங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் முன்பெல்லாம் உடனே தலையாட்டிவிடுவேன். கடைக்கு அலைந்த பெட்ரோலும் உடைந்த டைல்ஸும் என் கூலியில்தான் கழிந்தன. புதிதாக கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்காக, ஒரு பாத்ரூம் வேலையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் அளவு. சதுர அடியோடு சேதாரத்துக்கு 10 சதவீதம் சேருங்கள். மூலைவாட்டமாக ஒட்டுவதென்றால் 15.

அடுத்து அடக்கவிலை. டைல்ஸ், பசை எல்லாம் சேர்த்துக் கடை பில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குட்டியானை வாடகை 1,200, இறக்குகூலி 800. ஆக 42,000. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்குக் கடையில் கட்டிய வரியும் அடக்கத்தில் சேர்ந்ததுதான். காம்போசிஷனில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டத்தில், இருப்பவருக்கும் அப்படியே. சாதாரணப் பதிவு உள்ளவர் அந்த வரியை, தான் அரசுக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம்; அவர் வரி நீக்கிய விலையில் தொடங்கி, தன் பில்லில் வரி போடவேண்டும்.

இனிதான் பலர் சறுக்கும் இடம். 42,000த்தின் மேல் 20 சதவீதம் ஏற்றினால் 50,400. "20 சதவீதம் லாபம்" என்று நினைப்போம். ஆனால் கையில் வரும் 50,400ல் மிஞ்சும் 8,400 என்பது 16.7 சதவீதம்தான். வரும் பணத்தில் 20 நிற்கவேண்டுமானால் 42,000ஐ 0.80ஆல் வகுக்கவேண்டும்: 52,500. வித்தியாசம் 2,100 ரூபாய், ஒரே பாத்ரூமில்!

அப்புறம், எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதம் வேண்டாம். 20 ரூபாய் எல்போவுக்கும் (குழாயை வளைத்து இணைக்கும் துண்டு) கடைக்கு ஒரு நடை போகத்தான் வேண்டும். அதில் நிறைய ஏற்றலாம். 25,000 ரூபாய் கமோடின் விலையை வீட்டுக்காரர் போனிலேயே பார்த்துவிடுவார். அங்கே குறைவாக வையுங்கள்.

கடைக்காரரிடம் மறைவாகக் கமிஷன் வாங்குவதைவிட இப்படி வெளிப்படையாகப் போடுவதே எனக்குப் பிடிக்கும். கேட்டால், "வாங்கி வந்து, உடைந்தால் மாற்றித் தருகிற பொறுப்பு என்னோடது" என்று சொல்லுங்கள். பொருளை அவரே வாங்கித் தருகிறாரா? சரி, உடைசலும் தாமதமும் அவர் கணக்கு என்று எழுதி வாங்கிவிட்டு, கூலியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கொட்டேஷனின் அடியில் "இந்த விலை 15 நாளுக்கு மட்டும்" என்று எழுத மறக்காதீர்கள்.