சின்ன தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

நம் கேம்பஸுக்குப் பெரிய பெயர் இல்லையே என்று கவலைப்படும் அறிவியல், இன்ஜினியரிங் மாணவர்களுக்குத்தான் இது. வகுப்பில் முப்பது பேர் என்றால் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியும், லேபில் எந்த ரீடிங்கை மூன்று தடவை திரும்ப எடுத்தீர்கள் என்பதும் தெரியும், அதையெல்லாம் குறிப்பிட்டு அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்தக் கடிதம் எங்கே உதவும்? இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பில். தேர்வானால் இரண்டு மாதம் ஐஐஎஸ்சி, ஐஐடி மாதிரி இடங்களில் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. கோடைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று 250 சொற்களுக்குள் எழுதச் சொல்வார்கள். அதையும் மார்க் ஷீட்டையும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போட்டு, கடைசி தேதிக்கு இரண்டு வாரம் முன்பே சாரிடம் கொடுங்கள். முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், பாவம் அவர்.

அப்புறம், உங்கள் துறையில் இல்லாத பாடத்தை ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லில் இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். என்பிடெல் பாடங்கள் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில்தான் வருகின்றன; யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம். ஆனால் சேருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.