தாழ்த்திய காருக்கு ஸ்பிரிங் தெரிவு: என் அனுபவம்

35 மில்லிமீற்றர் இறக்கிய கார், காத்தான்குடிப் பக்கம் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னால் ‘டொக்’கென்று அடித்தது. ஷொக்கை (ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோபரை) மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். ஷொக் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, வழமையான வேகத்தில் ஓடிப் பாருங்கள். டை மேலே தள்ளுப்பட்டு பம்ப் ஸ்டொப்போடு (ஷொக் முழுதாக அமுங்கும்போது இடிக்கும் ரப்பர் கட்டை) ஒட்டி நின்றால், ஸ்பிரிங்கின் விறைப்பு போதாது என்று அர்த்தம்.

என் காரில் முன்சில்லு ஒன்றின் மேல், சில்லு, ஹப் (சில்லைப் பூட்டும் பகுதி) பாரம் கழித்து 265 கிலோ. பழைய ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு 2 கிலோ, அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுக்க 2 கிலோ பாரம் வேண்டும். ஸ்ட்ரட் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) சரிந்து நிற்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கார் மேலும் கீழும் ஆடும் அதிர்வு செக்கனுக்கு 1.3 தடவை. 3 கிலோ ஸ்பிரிங் போட்டதும் அது 1.6 ஆனது, அடி நின்றது. 4 கிலோ போட்டால் 1.8ஐத் தாண்டும். பிள்ளைகளோடு கல்முனை போய்வரும் காருக்கு அவ்வளவு விறைப்பு வேண்டாத வேலை.

நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழையது பாரத்தில் ஏறத்தாழ 140 மில்லிமீற்றர் அமுங்கும், புதியது 93தான். ஆகவே கம்பனி ஸ்பிரிங்கின் அதே நீளத்தில் வாங்கினால் கார் இறங்காது, உயரும்! இந்த 47 வித்தியாசத்தோடு இறக்க வேண்டிய 35ஐயும் சேர்த்து, அதைவிட ஏறத்தாழ 80 மில்லிமீற்றர் குட்டையானதை எடுங்கள். ஜக்கில் தூக்கி, சில்லு முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் கிண்ணத்தில் இறுகி நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

புதியது வாங்காமல் பழைய ஸ்பிரிங்கை வெட்டுவது மலிவுதான். ஆனால் வேலைசெய்யும் (அமுங்கி விரியும்) 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 வீதமே கூடும். தொங்கும்போது கழன்றும் விடலாம்.

ஒன்றரை மடங்கு விறைப்புக்கு, ஆட்டத்தை அடக்கும் ஷொக்கின் பிடியும் சுமார் 22 வீதம் கூட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளம் தாண்டியபின்னும் கார் ஆடிக்கொண்டே போகும். கடைசியில் சில்லு அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.